மஞ்சள் சிவந்த விறகு

இன்று காலை உன் முக்காலியைப் பார்த்துக் கத்திவிட்டேன். "ஏம்புள்ள, ஓடியா! செவந்துருச்சு!" நம் மரப் பரிசோதனை லேபில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முக்காலியில் யாரும் இல்லை. நீ மாசியிலேயே போய்விட்டாய் என்பது என் புத்திக்குத் தெரியும். வாய்க்கு இன்னும் தெரியவில்லை, என்ன செய்ய?

விஷயத்தைக் கேள். புனேக்கு வெளியே தளேகாவ் பக்கம் ஒரு பாலர் பள்ளிக்குக் குட்டிக் குட்டி பெஞ்சுகள் செய்திருக்கிறார்கள், ஏதோ பழைய பலகையைப் பிரித்து. பிள்ளைகள் ஓரத்தைக் கடிக்கிறார்களாம். ஒரு அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, பெஞ்சின் காலையே கழற்றி எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டார். மேலே வார்னிஷ் பளபளவென்று இருந்தது. நீ சொல்வாயே, மேலே பார்த்து மரத்தை நம்பினால் மாமியாரையும் நம்பலாம் என்று. அதை நினைத்துக்கொண்டு சீவினேன். சீவிய இடத்தில் மஞ்சள் ஊறிய சாராயத்தைச் சொட்டி, அமிலம் தொட்டு, அடுப்புப் பெட்டியில் காயவைத்தேன். சூட்டில் மஞ்சள் வாசனை எழுந்ததும் நீ பக்கத்தில் வந்து நின்றாற்போல் இருந்தது. கதவைத் திறந்தால், அடியாத்தி, குங்குமமாகச் சிவந்து கிடக்கிறது! அப்போதுதான் கத்தினேன்.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். இங்கே புதிதாக வந்திருப்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் இதற்கெல்லாம் துள்ளிக் குதிக்க மாட்டேன் என்கிறார்கள். மடிக்கணினியில் ஏற்றிவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போய்விடுகிறார்கள். துள்ள நீ வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். போபோடியில் பிறந்து மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு அதற்கு மேல் வராது. போகட்டும், நானே உரக்க வாசித்துக் காட்டுகிறேன் என்று வைத்துக்கொள்.

லேபில் நான் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கி, இந்தியும் தெரியாமல் மராத்தியும் தெரியாமல், உன்னிடம் வந்து தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தமிழ்தானே? மூஞ்சியிலயே எழுதிக் கீது. சல், மொதல்ல சாய் குடி, அப்பால பேசிக்கலாம்" என்றாய். அன்றைக்கே எனக்குப் பெயரும் வைத்துவிட்டாய், 'கோயமுத்தூரு' என்று. கடைசி வரைக்கும் என் சொந்தப் பெயர் உன் வாயில் வந்ததே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் ஒரே லோக்கல் ரயில். நான் சிவாஜி நகரில் ஏறி இடம் போட்டு வைப்பேன், நீ கட்கியில் ஏறுவாய். இடம் போட்டதற்காகச் சண்டை போடுகிற பெண்களிடம் நீ மராத்தியில் மல்லுக்கு நிற்பதைப் பார்க்கவே நான் இடம் போடுவேன். தளேகாவ் வரும்வரை மரம், மரம், மரம். ஜன்னல் வழியே ஒரு லாரியில் பலகை போனாலும் விடமாட்டாய். "அந்தப் பச்ச கலர் பாத்தியா? மருந்து ஏத்தினது. பக்கா." நான் இல்லை என்பேன். தினமும் வாய்ச் சண்டைதான்.

மருந்து ஏற்றிய மரம் கெட்டது என்று நீ ஒருபோதும் சொன்னதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நீ பாடம் எடுக்கும் விதம் எனக்கு மனப்பாடம். மரத்தை ஒரு பெரிய உருளைக்குள் அடைத்து, அழுத்தம் கொடுத்து, கரையானும் பூஞ்சையும் அண்டாத உப்புகளை உள்ளே ஏற்றுகிறார்கள். செம்பு, குரோமியம், போரான். சிலவற்றில் ஆர்செனிக். அது தூணாக நிற்கட்டும், கூரையைத் தாங்கட்டும், யாருக்கும் ஒரு கேடும் இல்லை. அதை எரித்தால்தான் வந்தது வினை. கட்டை போகும், உலோகம் போகாது. பாதி புகையிலும் மீதி சாம்பலிலும் தங்கிவிடும். "கூரையில நல்லவன், அடுப்புல ராட்சசன்" என்று முடிப்பாய்.

அந்த ராட்சசன் உங்கள் அம்மன் கோயில் அடுப்பு வரைக்கும் வந்த கதையைத்தான் இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆடி ஞாயிறு. கூழ் வார்க்கிறோம், வந்தே ஆக வேண்டும் என்று நீ என்னை இழுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு புனேயில் மழை என்றால் அப்படியொரு மழை. போபோடி சந்தில் கணுக்கால் தண்ணீர். கோயிலுக்கு முன்னால் தகரப் பந்தல், அதன்மேல் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து உங்கள் தாத்தாக்கள் பாக்டரி வேலைக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்த அம்மன். சின்னக் கோயில்தான், ஆனால் என்ன களை!

உன் பெரியப்பாதான் அங்கே எல்லாம். மீசையை முறுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் விறகைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். "ஆடி மழையில காஞ்ச கட்ட எங்கனா கெடைக்குமா? நான் புட்சிகினு வந்தேன் பாரு!" தளேகாவில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் கொட்டகையில், மின்கம்பி சுற்றி வருமே ஆள் உயர மர உருளை, அதெல்லாம் வருஷக்கணக்காகச் சும்மா கிடந்திருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரன் அதைப் பிரித்துப் பலகையாக விற்க, பெரியப்பா வண்டியோடு வாங்கி வந்துவிட்டார். நல்ல விறகுதான், குற்றம் சொல்ல முடியாது. ஊரெல்லாம் ஈரக்கட்டை பூசணம் பிடித்துக் கிடக்க, இது மட்டும் காய்ந்து, கரையான் தொடாமல் இருந்தது. நமக்கு அந்த நேரத்தில் உறைத்திருக்க வேண்டாமா? இரண்டு பேரும் மரத்திலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மூளைக்கும் விடுமுறை விட்டுவிடுவோம் போலிருக்கிறது.

உங்கள் கோயிலில் ஒரு வழக்கம். அடுப்பில் முதலில் வைக்கும் கட்டைகளுக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பொட்டு வைத்துத்தான் பற்றவைப்பார்கள். கூழ் இறக்கியதும் அந்த அடுப்புச் சாம்பலை ஆறவைத்துச் சலித்தால் அதுதான் திருநீறு. நெற்றியில் பூசுவார்கள், ஒரு சிட்டிகை நாக்கிலும் வைப்பார்கள். அந்த வருஷம் பிறந்த குழந்தைகளுக்கு அது முதல் சாம்பல். அன்றைக்கு உன் தம்பியின் மகள் வந்திருந்தாள், பட்டுப் பாவாடை சுற்றிய பொட்டலமாக. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை வேண்டுதலுக்குப் பிறகு பிறந்தவள். அந்தக் கூழே அவளுக்காக உன் தம்பி பெண்டாட்டி நேர்ந்துகொண்ட கூழ். அவள் நாக்கில் அம்மன் சாம்பல் படுவதைப் பார்க்கத்தான் நீ என்னையும் கூட்டிப் போனாய்.

மஞ்சள் பூசிய கட்டைகள் ஈரமாக இருந்ததால், சாய் போட வைத்திருந்த அடுப்பின் ஓரமாக அவற்றைச் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். நாம் இரண்டு பேரும் உள்ளே கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று வெளியே குலவைச் சத்தம்! மழைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது. ஓடி வந்து பார்த்தால், மஞ்சள் பூசிய கட்டைகள் எல்லாம் சிவந்து நிற்கின்றன. யாரும் குங்குமம் தொடவில்லை. தானாகச் சிவந்திருக்கிறது. "அம்மா வந்துட்டா! அவளே பொட்டு வச்சிகினா!" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பெரியப்பா அழுதேவிட்டார். உன் தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தூக்கி அந்தக் கட்டைகளுக்கு நேராகக் காட்டினாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. நீயும் கும்பிட்டாய். நான் பார்த்தேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் உன் முகம் மாறியதையும் பார்த்தேன்.

நீ குனிந்து ஒரு கட்டையின் முனையைப் புரட்டினாய். வெட்டு வாயில் லேசான பச்சை ஓடியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாய். அவ்வளவுதான், எனக்கும் பொட்டில் அடித்தாற்போல் விளங்கிவிட்டது. "ஐயோ, போரான்!" என்று வாயைத் திறந்தேன். நீ என் கையில் நறுக்கென்று கிள்ளினாய். "சும்மா இரு யார். நீ வாயத் தொறந்தா சண்ட ஆயிடும்." அந்தக் கிள்ளல் ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது, அதையும் இப்போது சொல்லிவைக்கிறேன்.

பெரியப்பாவிடம் போய்ச் சாதுவாகக் கேட்டாய். "பெரியப்பா, கட்ட மேல சுண்ணாம்பு கிண்ணாம்பு பட்டிருக்குமா? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்குமே, ஆரத்தி மாதிரி."

"சுண்ணாம்பு எங்கடீ வரும் அந்தக் கொட்டாயில? அம்மா செயல சுண்ணாம்புன்றியா?"

"பாத்துடலாம் பெரியப்பா."

ஆரத்தித் தட்டு அங்கேயே கரைத்துத் தயாராக இருந்தது. எல்லோர் கண் முன்னாலும் அதில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாய். சிவப்புத் தண்ணீர் ஒரே நொடியில் மஞ்சளானது. பிள்ளைகள் "ஹோ!" என்று கத்தினார்கள். அதே பழத்தின் இன்னொரு மூடியைச் சிவந்த கட்டையின்மேல் பிழிந்தாய். கட்டை அப்படியே சிவப்பாக நின்றது. இன்னொரு பழம் பிழிந்தாய். அசையவில்லை. நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். லேபில் எந்தச் சோதனையையும் இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து நான் கண்டதில்லை.

பெண்கள் மறுபடியும் குலவை போட ஆரம்பித்தார்கள். நீ உன் அம்மாவைக் கூப்பிட்டாய். அவர் வீட்டிலேயே குங்குமம் செய்து சந்தில் விற்றவர். "அம்மா, எலுமிச்ச பட்டாலும் போவாத செவப்பு மஞ்சளுக்கு எப்பிடி வரும்?"

உன் அம்மாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "இது இன்னா கேள்வி? குங்குமம் அப்பிடித்தான் செய்றோம். மஞ்சளு, எலுமிச்ச சாறு, வெங்காரம். வெங்காரம் போட்டாத்தான் செவப்பு நிக்கும்."

"அப்ப இந்தக் கட்டைல வெங்காரம் யாரு போட்டா?"

உன் அம்மா கட்டையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஆனால் உன் பெரியப்பா லேசுப்பட்டவரா? மடக்கினார் பார், அப்படி மடக்கினார்! "சரி, வெங்காரமே இருக்கட்டும். குங்குமத்துல அதத்தானே போட்டு நெத்தில வைக்கிறோம்? வாய்ப்புண்ணுக்கு அதத் தேன்ல கொழச்சித் தடவல? அதுல இன்னா வெசம்?" அவர் சொன்னது சரிதான், வெங்காரம் என்பது போரான் உப்புதான். போரான் மட்டும் என்றால் பயப்பட அவ்வளவு இல்லை. மஞ்சள் காட்டிக் கொடுத்தது போரானை மட்டும்தான். மற்றது இருக்கிறதா என்று பார்க்க லேப் வேண்டும், நாளைக் காலை வேண்டும். அடுப்போ இப்போது பற்றவைக்க வேண்டும்.

நீ சொன்ன பதில் எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "பெரியப்பா, வெங்காரம் தானா நடந்து வந்து மரத்துல ஏறாது. கரையான் வரக்கூடாதுன்னு எவனோ மருந்து ஏத்திக்கிறான். அதுல வெங்காரம் கீதுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. கூட இன்னா இன்னா கீதுன்னு தெரியல. தெரியாதத நம்ம குழந்த நாக்குல வைக்கலாமா? நீயே சொல்லு."

"அம்மா அடுப்ப அணைக்கச் சொல்றியா? எரியறதுக்கு முன்னாடியே?"

"அடுப்ப அணைக்கச் சொல்லல. கட்டைய மாத்தச் சொல்றேன்."

"இந்த மழையில வேற கட்ட எங்கடீ?" என்று அவர் கத்தினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. படித்த திமிர் என்றார் ஒருத்தர். அம்மன் அடையாளம் காட்டியிருக்கும்போது பழி சொல்கிறாளே என்றாள் இன்னொருத்தி. நீ அந்தக் கட்டைகளை விட்டு நகரவில்லை. அந்த அம்மனை என்னைவிட, அங்கே இருந்த பாதிப் பேரைவிட, நீ அதிகமாக நம்பினாய். அந்தச் சந்தில்தான் வாழ வேண்டும், அந்தப் பெரியப்பாவின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு சிவப்புக் கறையை நம்பி நீ பணயம் வைத்துக்கொண்டிருந்தாய்.

அப்போது உன் தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து வந்து உன் பின்னால் நின்றாள். "மாமா, என் கூழு இது. அண்ணி வேணாம்னா இந்தச் சாம்பல் என் பொண்ணுக்கு வேணாம்." அந்தப் பெண் அதற்கு முன்னால் பெரியப்பா எதிரில் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலை விட்டே போய்விட்டார்.

பிறகு நடந்தது ஒரே கலாட்டா! எதிர்ச் சாரி வடாபாவ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "காய் ஜாலா தாயி?", என்ன ஆச்சு என்று கேட்டார். நீ மராத்தியில் மூச்சுவிடாமல் சொன்னாய். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் பெரிய கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் சிலிண்டர், அதற்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு அவர் பெண்டாட்டி. மத்தியானம் வார்க்க வேண்டிய கூழைச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வார்த்தோம். அடி பிடித்துவிட்டது. கேஸ் தீயில் அம்மனுக்குக் கூழா என்று சிலர் வாங்காமலே போனார்கள். அந்த வருஷம் சாம்பலே இல்லை. நீ ஒரு விரலில் கூழைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தாய். அவள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். நீ சிரித்துக்கொண்டே அழுதாய்.

மறுநாள் காலை லோக்கலில் நீ ஏறியபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. மடியில் செய்தித்தாளில் சுற்றிய கட்டை. தளேகாவில் இறங்கும்போது, "கோயமுத்தூரு, தப்பா இருந்துச்சின்னா?" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

லேபில் கட்டையைக் குறுக்கே அறுத்தோம். செம்பு இருந்தால் நீலமாக மாறும் மருந்தை வெட்டு முகத்தில் தெளித்தேன். நடுவில் ஆரஞ்சு நிறமாகவே நின்றது. இல்லை போலிருக்கிறதே! ஊரைக் கூட்டி அம்மன் கூழைக் கெடுத்துவிட்டாளே இவள்! நான் உன் பக்கம் திரும்பவே பயந்தேன். நீ என்னைத் தள்ளிக்கொண்டு குனிந்தாய். "நடுவுல பாக்காத. அது வயிர மரம், மருந்து குடிக்காது. ஓரத்தப் பாரு, ஓரத்தப் பாரு!"

ஓரத்தில் நீலம் எழுந்துகொண்டிருந்தது. முதலில் நூல் மாதிரி ஒரு கோடு, அப்புறம் தடித்து, பலகையின் நாலு பக்கமும் கரை கட்டினாற்போல் கருநீலம். அடியே, என்ன நீலம் அது! நாம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்த குதியில் மேசைமேல் இருந்த குடுவை உருண்டு விழுந்து உடைந்தது. மேனேஜர் ஓடி வந்து, "காய் சாலு ஆஹே?" என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு, நம் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனார். கருவியில் போட்டால் குரோமியமும் இருந்தது. அந்தச் சாம்பலை நாக்கில் வைத்திருந்தால்? நினைத்ததும் நம் குதியாட்டம் நின்றுவிட்டது. நீ தரையில் உட்கார்ந்துகொண்டு தம்பிக்குப் போன் போட்டாய். "பாப்பா எப்பிடி கீது?" என்று கேட்டாய். வேறு எதுவுமே முதலில் சொல்ல வரவில்லை உனக்கு.

பெரியப்பா உன்னோடு பேசாமல் இருந்த காலம் நீண்டது. அடுத்த ஆடி வரும்வரை நீ அவர் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவர் திண்ணையில் சாய்ந்து எதிர்ப் பக்கம் பார்ப்பாராம். வெளியே கெத்தாக இருந்தாலும் ரயிலில் என்னிடம் சொல்லும்போது உன் குரல் இறங்கிவிடும். பிறகு ஒருநாள் அவரே உனக்குப் போன் செய்தார். "ஏம்மா, கட்ட வந்துகீது. ஒரு தபா வந்து மஞ்ச தடவிப் பாரு." அதைச் சொல்ல நீ கட்கி ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள்ளேயே ஜன்னலுக்கு நேராக ஓடி வந்தாய். "கூப்ட்டுட்டாரு டீ! பெரியப்பா கூப்ட்டுட்டாரு!" நடைமேடையில் இருந்த அத்தனை பேருக்கும் உன் பெரியப்பா கூப்பிட்ட செய்தி தெரிந்துபோயிற்று.

மாசியில் உன் இதயம் ஒரு சொல் கூடச் சொல்லாமல் நின்றுபோனது. உன்மேல் எனக்குக் கோபம், அதை மறைக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறவள், இதை மட்டும் கோட்டைவிட்டாயே! நான் இப்போது சிவாஜி நகரில் ஏறி எனக்கு மட்டும்தான் இடம் பிடிக்கிறேன். கட்கி வரும்போது ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

போன ஞாயிறு கூழ். நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் தம்பி பெண்டாட்டி போன் செய்து, "அண்ணி வேலைய நீங்கதான் செய்யணும், வேற யாரு செய்வா?" என்றாள். போனேன். அதே தகரப் பந்தல், அதே மழை. பெரியப்பா கொஞ்சம் தளர்ந்திருக்கிறார், மீசை மட்டும் அப்படியே. அடுப்புக்கு முன்னால் ஒரு மணையில் என்னை உட்காரவைத்து, மஞ்சள் கிண்ணத்தையும் எலுமிச்சம்பழத்தையும் கையில் கொடுத்தார்கள். கூட்டமே சுற்றி நின்றது. வரிசையாக எல்லாக் கட்டைக்கும் பூசி, பிழிந்து, சூட்டில் காட்டினேன். உன் தம்பி மகள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் விழுந்த வாயால், "அத்த, தேக்கோ, பிவ்ளாவே கீது! மஞ்சளாவே கீது!" என்று கத்தினாள். உடனே குலவை. அடடா, இப்போதெல்லாம் மஞ்சள் சிவக்காமல் நின்றால்தான் குலவை போடுகிறார்கள்!

புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண், எதற்கு இந்தச் சடங்கு என்று பெரியப்பாவிடம் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது எங்க ஊரு பழக்கம்மா. எங்க தாத்தா, அவங்க தாத்தா காலத்துலருந்து வருது. மஞ்ச செவந்துதுன்னா அந்தக் கட்ட எனக்கு வேணாம்னு அம்மாவே சொல்றான்னு அர்த்தம்."

எனக்கு வந்த சிரிப்பை என்னவென்று சொல்ல! தாத்தாவாம், அவங்க தாத்தாவாம்! போன வருஷம்கூட அந்தக் கிண்ணம் உன் கையில்தானே இருந்தது! எழுந்து நின்று உன் பெயரை உரக்கச் சொல்லிவிடலாமா என்று துடித்தேன். பெரியப்பா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை கிள்ள யாரும் இல்லாமலே மூடிக்கொண்டேன். உன் பெயர் என்னோடேயே இருக்கட்டும். அம்மன் சொன்னதாகவே இருந்தால் நான் போன பிறகும், அந்தச் சின்னவள் கிழவியான பிறகும், இந்த அடுப்பில் யாரோ ஒருத்தி எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருப்பாள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மஞ்சள் போரானை மட்டும்தான் பிடிக்கும். போரான் சேர்க்காமல் செம்பும் ஆர்செனிக்கும் மட்டும் ஏற்றிய மரமாக இருந்தால் மஞ்சள் பேசாமல் மஞ்சளாகவே நிற்கும். அதனால் நீ ஒவ்வொரு வருஷமும் யாருக்கும் சொல்லாமல் முன்கூட்டியே ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சில்லு செதுக்கி லேபுக்குக் கொண்டுவருவாய். இந்த வருஷம் நான் போய்ச் செதுக்கினேன். ஓரத்திலும் பார்த்தேன், நடுவிலும் பார்த்தேன், கருவியிலும் போட்டுப் பார்த்தேன், எந்தக் கட்டையிலும் எந்த மருந்தும் இல்லை. இனி எல்லா ஆடிக்கும் செய்வேன். அது என் வேலை.

கூழ் மத்தியானத்துக்கே தயாராகிவிட்டது, அடியும் பிடிக்கவில்லை. பெரியப்பா சாம்பலைச் சலித்துத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். உன் தம்பி மகள் முதல் ஆளாக நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கை முழுசாக நீட்டினாள். அவர் ஒரு சிட்டிகை வைத்தார். அடுத்து என் முன்னால் வந்து தயங்கினார். ஒவ்வொரு வருஷமும் நான் நெற்றியில் மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன், அது அவருக்குத் தெரியும். "ஒனக்கு நெத்தில மட்டுந்தானே?" என்றார்.

நான் நாக்கை நீட்டினேன், புள்ள. சாம்பல் கொஞ்சம் உப்புக் கரித்தது.